டிக்கிப் பாடு

எங்கள் அம்பாசிடர் காரின் டிக்கியில் நாலு கூடை ஏறும். நெருக்கி வைத்தால் ஐந்து. ஐந்தாவது கூடை ஏறிய நாளில் டிக்கி மூடியைச் சாத்த யாராவது அதன் மேல் ஏறி உட்கார வேண்டும். அந்த யாராவது எப்போதும் நான்தான். குப்பத்தில் என்னைவிடக் கனமானவர்கள் இருந்தார்கள். ஆனால் கூடைகள் என்னுடையவை, ஆகவே உட்காரும் உரிமையும் என்னுடையது.

இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் எழுதப் போவது ஒரு சண்டையைப் பற்றி. அது முழுக்க முழுக்க அந்த டிக்கிக்காக நடந்த சண்டை.

பழவேற்காடு ஏரிக்கரையில் இருக்கிற எங்கள் கோட்டைக்குப்பத்தில் பிறந்த ஆண்களில் கடலுக்குப் போனால் வாந்தி எடுக்கிற ஒரே ஆள் என் வீட்டுக்காரர். படகில் ஏறினால் கரை மறைவதற்குள் காலையில் குடித்த கஞ்சி வெளியே வந்துவிடும். மாமனார் எலுமிச்சம்பழம் கொடுத்துப் பார்த்தார், தாயத்துக் கட்டிப் பார்த்தார், கடைசியில் திட்டிப் பார்த்தார். ஒன்றுக்கும் நிற்கவில்லை. "மீன் குஞ்சுக்கு நீச்சல் கத்துத் தரணுமான்னு கேக்குறாங்க. எனுக்குப் பொறந்தத வந்து பாத்துட்டுக் கேளுங்கடா" என்று வருவோர் போவோரிடம் எல்லாம் சொல்வார். கடல் வேண்டாம் என்றானதும் என் வீட்டுக்காரர் ஆரம்பாக்கத்தில் ஒரு லாரிக்காரரிடம் வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டு, இறால் ஏற்றுமதி வியாபாரி ஒருவருக்கு டிரைவராகப் போனார். எண்பதுகளின் நடுவில் வியாபாரி புதுக்கார் வாங்கினார். பழைய கார் எங்கள் வாசலுக்கு வந்தது, அவர் அதை வாடகைக்கு ஓட்ட ஆரம்பித்தார்.

கார் வந்த நாளில் எல்லோரும் முன்பக்கம் நின்று பார்த்தார்கள். நான் பின்னால் போய் டிக்கியைத் திறந்து பார்த்தேன்.

அதற்கு முன்னால் நான் பஸ்ஸில்தான் பொன்னேரி மார்க்கெட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன். நண்டும் இறாலும் விற்கிறவளுக்கு பஸ் என்பது தினமும் காலையில் எழுதுகிற பரீட்சை. தூரத்தில் என் கூடையைப் பார்த்ததும் கண்டக்டர் மூக்கைப் பிடித்துக்கொண்டு விசில் அடிப்பார். ஒரே கையால் இரண்டும் செய்கிற வித்தையை அவரிடம்தான் பார்த்தேன். இரண்டு பஸ் போனபின் மூன்றாவது நிற்கும். நான் மார்க்கெட் போய்ச் சேரும்போது ஐஸ் தண்ணீராகி முதுகில் வழிந்திருக்கும்; நல்ல கிராக்கி வந்து போயிருக்கும். கார் வந்தபின் ஏழு மணிக்கெல்லாம் நான் மார்க்கெட்டில் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். கூடைகளை இறக்கியதும் டிக்கியைத் தட்டிவிட்டுத்தான் நகர்வேன். மாட்டைத் தட்டிக் கொடுப்பதுபோல்.

இப்படி ஒன்றரை வருஷம் போனது. அப்புறம் ஒரு மத்தியானம் அவர் பொன்னேரியிலிருந்து வந்து, நெஞ்சில் கை வைத்துக்கொண்டு திணறியபடி உட்கார்ந்தார்.

"இன்னாயா ஆச்சு?"

"இங்க அடிக்குதுமே. டும்மு டும்முன்னு அடிக்குது."

படுக்க வைத்து, சட்டையைக் கழற்றி, நெஞ்சு முழுக்கத் தைலம் தேய்த்தேன். பாதி பாட்டில் தேய்த்த பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. பொன்னேரி ஸ்டாண்டில் ஒருவன் காருக்குப் பெரிய ஸ்பீக்கர் போட்டிருக்கிறானாம். பாட்டு காதில் கேட்பதில்லையாம், நெஞ்சில் கேட்கிறதாம். கல்யாண சவாரி எல்லாம் அவனுக்கே போகிறதாம்.

"அத்த மொதல்லயே சொல்றதுக்கு இன்னா?" என்றேன்.

"நீ நல்லா தேச்சுக்கினு இருந்தே. நானும் சும்மா இருந்துட்டேன்."

அன்றிலிருந்து வீட்டில் வேறு பேச்சு இல்லை. எங்கள் காரில் ஏற்கனவே ஒரு டேப்பும், பின் கண்ணாடிக்குக் கீழே இரண்டு சின்ன ஸ்பீக்கரும் இருந்தன. அவை தகரத்தில் கூழாங்கல் போட்டுக் குலுக்குவதுபோல் பாடும். இதற்கு ஊஃபர் என்று ஒன்று வேண்டும் என்றார். வாங்குவதற்கு மெட்ராஸ் போக வேண்டும், நானும் கூட வரவேண்டும் என்றார். காரணம் இங்கிலீஷ். நான் பத்தாவது வரை படித்தவள். கணக்கில்தான் கோட்டை விட்டேன். குப்பத்துக்கு எந்தக் காகிதம் வந்தாலும் என்னிடம்தான் வரும்.

கார் அந்த வாரம் மெக்கானிக்கிடம் இருந்ததால் பஸ்ஸில் போனோம். வழியில் இரண்டு முறை ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி வாந்தி எடுத்தேன். வாந்தி அவருக்கு மட்டும் சொந்தமா என்ன. கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்து எனக்கு அப்போது மூன்றாம் மாதம்.

மெட்ராஸில் ரேடியோக் கடைகள் மட்டுமே இருக்கிற ஒரு சந்து. கடைக்காரர் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி எங்களைப் பார்த்தார். "சப்-ஊஃபர் வேணுமா?" என்றார்.

என் வீட்டுக்காரர் முகம் சுருங்கியது. "சப்பு வேணாம்."

"ஏன் சார்?"

"சப்-இன்ஸ்பெக்டருன்னா இன்ஸ்பெக்டருக்குக் கீழ. சப்-கலெக்டருன்னா கலெக்டருக்குக் கீழ. எங்கள பாத்தா சப்பு வாங்குறவங்க மாதிரியா இருக்குது? இன்ஸ்பெக்டரே குடு."

கடைக்காரர் என்னைப் பார்த்தார். எனக்கும் அதில் நியாயம் இருப்பதாகத்தான் பட்டது. இங்கே சப் என்றால் பதவியில் கீழே இல்லை, சத்தத்தில் கீழே, அடிமட்டத்துச் சத்தம் என்று அவர் விளக்கி முடிப்பதற்குள் டீ ஆறிவிட்டது. அப்படியும் என் வீட்டுக்காரர் பாதி மனதோடுதான் சம்மதித்தார். ஊரில் போய்ச் சொல்லும்போது சப்பை விட்டுவிடலாம் என்று என் காதில் சொன்னார்.

கடைக்காரர் மூன்றை எடுத்து வைத்தார். ஒன்று சாப்பாட்டுத் தட்டு அளவு, ஒன்று அதைவிடப் பெரிது, ஒன்று சின்ன முறம் அளவு. ஒவ்வொன்றாக ஓட்டிக் காட்டினார். என் வீட்டுக்காரர் நெஞ்சை நீட்டிக்கொண்டு நின்று, "வருது, வருது, இன்னும் கொஞ்சம் வரணும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். பெரியதைப் போட்டதும் கண்ணை மூடிக்கொண்டார். சரி, விலை முடிந்தது என்று கடைக்காரரும் நானும் ஒரே நேரத்தில் புரிந்துகொண்டோம்.

நான் மீன் வாங்குகிறவள். சொன்ன பேச்சை நம்பி எதையும் வாங்கிப் பழக்கமில்லை. அந்தப் பெரியதைக் கையில் வாங்கி, திருப்பி, கனம் பார்த்தேன். அதன் ஓரத்தில் ரப்பர் விளிம்பு ஒன்று சுற்றி ஓடியது. அதைக் கட்டை விரலால் அழுத்திப் பார்த்தேன். புது மீனை அழுத்தினால் பள்ளம் விழாது, விரலை எடுத்ததும் எழுந்துவிடும். இது எழவில்லை. முறுக்கு மாதிரி ஒரு சத்தம் கொடுத்தது.

"இது பழசு" என்றேன்.

"அம்மா, நேத்துதான் வந்த சரக்கு. கை வெக்காதீங்க."

"வந்தது நேத்து இருக்கலாம். செத்தது எப்போ? வேற எடுங்க."

கடைக்காரர் கண்ணாடியை நெற்றியிலிருந்து மூக்குக்கு இறக்கி, விளிம்பைத் தானும் அழுத்திப் பார்த்தார். உள்ளே போய் வேறொன்று கொண்டு வந்தார். அதன் ரப்பர் கெளுத்தி மீன் வயிறு மாதிரி வழவழவென்று இருந்தது, அழுத்தினால் எழுந்தது. இதுதான் என்று நான் சொன்னேன். என் வீட்டுக்காரர் என்னைப் பெருமையாகப் பார்த்தார். எனக்கும் பெருமை தலைக்கு ஏறிவிட்டது. அந்தப் பெருமையில்தான், கடையை விட்டு இறங்கும்போது, முதலில் கேட்டிருக்க வேண்டிய கேள்வியைக் கடைசியாகக் கேட்டேன்.

"இத கார்ல எங்க வெப்பாங்க?"

"டிக்கியிலதாம்மா. இதுக்குன்னு ஒரு மரப்பெட்டி அடிக்கணும்" என்று கடைக்காரர் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். அந்தக் கைகளுக்கு நடுவில் என் ஐந்து கூடைகளும் காணாமல் போயின.

சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அது இதுதான். சூனியத்தை அழுத்திப் பார்த்து, நல்லதாகத் தேர்ந்தெடுத்து, மடியில் வைத்துக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தேன்.

பெட்டி அடிக்க அவர் தச்சரைத் தேடவில்லை. எங்கள் ஊரில் மர வேலை என்றால் படகு கட்டுகிற ஆசாரிதான். ஆசாரி என் வீட்டுக்காரருக்கு மாமா முறை வேண்டும், கோபக்காரர். கடைக்காரர் கொடுத்த இங்கிலீஷ் காகிதத்தை நான் படிக்க, அவர் குச்சியால் மணலில் கோடு போட்டார். நீளம் இவ்வளவு, ஆழம் இவ்வளவு. அந்த இடத்தில் நான் பொய் சொல்லியிருக்கலாம். பாதி அளவு சொல்லியிருந்தால் மூன்று கூடையாவது தப்பித்திருக்கும். ஆனால் இங்கிலீஷ் படித்தவள் என்ற ஒரு மரியாதைதான் அந்தக் குப்பத்தில் எனக்கு இருந்தது. அதில் கலப்படம் செய்ய மனம் வரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு உள்ளபடியே படித்தேன்.

"காத்து எங்கயும் கசியக் கூடாதாம்" என்றேன்.

ஆசாரி சிரித்தார். "தண்ணியே பூராது என் வேலையில. காத்து எம்மாத்திரம்?"

சொன்னபடி செய்தார். இணைப்புகளில் எல்லாம் பஞ்சு திணித்து, குங்கிலியம் காய்ச்சி ஊற்றி, மீன் எண்ணெய் பூசினார். ஊஃபர் உட்கார வேண்டிய வட்டத்தை மட்டும் வெட்டி, அதற்கும் பலகையில் ஒரு மூடி செய்து அடைத்தார். அடைத்துவிட்டு, நாங்கள் கேட்காமலேயே, பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் ஏரியில் விட்டார். ஒழுக்கு இருக்கிறதா என்று பார்க்க வேண்டாமா? பெட்டி மிதந்தது. ஏரியின் மேல் அசைந்து அசைந்து போனது. பறவைக் கூட்டம் ஒன்று அதற்கு வழிவிட்டது. கரையில் நின்றவர்கள் கை தட்டினார்கள். என் வீட்டுக்காரர் கட்டச் சொல்லி ஏரியில் விட்ட முதல் கலம் அது என்று மாமனார் சொன்னார். மகனை அவர் பாராட்டி நான் கேட்டது அன்றுதான்.

பெட்டி கரைக்கு வந்ததும் நான் காகிதத்தின் அடுத்த பக்கத்தைத் திருப்பினேன். அங்கே 'போர்ட்' என்று ஒரு வார்த்தை. எனக்குத் தெரிந்த போர்ட் ஒன்றே ஒன்று.

"இதுக்கு ஒரு துறைமுகம் வேணுமாம்" என்றேன்.

ஆசாரியும் என் வீட்டுக்காரரும் என்னையே பார்த்தார்கள். படத்தைக் காட்டினேன். முன்பலகையில் மூன்று விரல் அகலத்துக்கு ஒரு ஓட்டை வரைந்திருந்தது. துறைமுகம் இல்லை, ஓட்டை என்று எனக்கே புரிந்தது.

"ஓட்டையா?" என்றார் ஆசாரி. உளியைக் கீழே வைத்துவிட்டார். "நாப்பது வருசமா ஓட்டைய அடைக்கிறது என் தொழிலு. நல்லா மிதக்குற பொருள்ல என் கையால ஓட்டை போட மாட்டேன். வேற ஆள பாருங்க."

என் வீட்டுக்காரர் கெஞ்சினார். "மாமா, இது தண்ணியில போறதில்ல மாமா, ரோட்டுல போறது."

"ரோட்டுல தண்ணி நிக்காதா?"

மழைக் காலத்தில் எங்கள் ரோட்டைப் பார்த்தவர்கள் யாரும் இதற்கு மறுத்துப் பேச மாட்டார்கள். என் மனதுக்குள் ஒரு சந்தோஷம் எழுந்தது. ஆசாரி மறுத்தால் பெட்டி இல்லை, பெட்டி இல்லாவிட்டால் டிக்கி என்னுடையது. நான் வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் போதும். ஆனால் என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்தேன். முதல் நாள் படகு ஏறி வாந்தி எடுத்துத் திரும்பிய பையனின் முகம் இப்படித்தான் இருந்திருக்கும் என்று தோன்றியது. என் வாய் என்னைக் கேட்காமல் திறந்தது.

"ஓட்டை இல்ல மாமா. முகத்துவாரம்" என்றேன்.

ஆசாரி நிமிர்ந்தார். எங்கள் ஏரி கடலோடு சேருகிற வாய்க்கு முகத்துவாரம் என்று பெயர். மணல் ஏறி அது அடைத்துக்கொண்டால் ஏரிக்குள் கடல் தண்ணீர் வராது, இறால் வராது, குப்பத்தில் அடுப்பு எரியாது. ஆம்பிளைகள் மண்வெட்டியோடு போய் வெட்டித் திறந்துவிட்ட வருஷங்கள் உண்டு.

"காத்து உள்ள போயி வெளிய வரணும். அடைச்சா பொட்டி செத்துடும்" என்றேன்.

ஆசாரி பெட்டியைச் சுற்றி ஒரு முறை நடந்தார். "அத்த மொதல்லயே சொல்லணும்" என்று உளியை எடுத்தார். முகத்துவாரத்தை அவர் வெறும் வட்டமாக விடவில்லை, ஓரத்தை வழித்து, கரை சரியாதபடி பித்தளைத் தகடு சுற்றி, மஞ்சள் குங்குமம் வைத்துக் கொடுத்தார்.

மாட்டுவதற்கு ஒரு முழு நாள் ஆனது. பாட்டரியிலிருந்து தடித்த ஒயர் ஒன்று காரின் வயிற்றுக்குள் புகுந்து பின்னால் வந்தது. முன் சீட்டுக்கு அடியில் பூஸ்டர் என்று ஒரு டப்பா. எல்லாம் முடிந்து சுவிட்சைப் போட்டார். முதல் அடி விழுந்ததும் பின்னால் நம்பர் பிளேட் கழன்று மணலில் விழுந்தது. ஒவ்வொரு அடிக்கும் முன்விளக்கு இரண்டும் மங்கி மங்கி எரிந்தன. ஹாரன் அடித்தால் பாட்டு நின்றது, பாட்டு அடித்தால் ஹாரன் நின்றது. ஏதாவது ஒன்றுதான் முடியும் என்று பழைய டைனமோ முடிவு செய்துவிட்டது. என் வீட்டுக்காரர் பாட்டையே ஹாரனாக வைத்துக்கொண்டார்.

பின் சீட்டில் என்னை உட்கார வைத்தார். சாய்ந்தேன். முதுகுக்குப் பின்னால் ஏதோ பெரிய மீன் வாலால் தட்டியதுபோல் இருந்தது. வயிற்றுக்குள் அதுவரை ஒன்றும் அசையாமல் இருந்தது, முதன்முதலாக அசைந்தது. எனக்குப் பிடித்திருந்தது. ரொம்பவே பிடித்திருந்தது. அதை அவரிடம் சொல்லவில்லை. "குங்கிலிய நாத்தம் தாங்கல" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கினேன்.

மறுநாள் காலை நான் கூடைகளோடு பஸ்ஸுக்கு நின்றேன். அதே கண்டக்டர், அதே விசில். மூன்றாவது பஸ்ஸில் ஏறினேன். நாலு நாள் இப்படிப் போனது. வயிறு முன்னால், கூடை மேலே. ஐந்தாம் நாள் எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. அவர் குளிக்கப் போன நேரம் பார்த்து நாலு கூடைகளையும் காரின் பின் சீட்டில் வரிசையாக உட்கார வைத்துவிட்டேன். அன்று அவருக்குக் கல்யாண சவாரி. அவர் வந்து பார்த்துவிட்டுப் போட்ட சத்தத்தில் ஊஃபரே வேண்டியிருக்கவில்லை. நானும் சும்மா இல்லை. டிக்கியா, நானா என்று கேட்டேன். அவர் யோசித்தார். யோசித்ததற்காகவே இன்னும் பத்து நிமிஷம் கத்தினேன்.

மாமனார் பக்கத்தில் வலை பின்னிக்கொண்டிருந்தார். நியாயம் சொல்லும் ஆசையால் அவர் எழுந்து வரவில்லை. எங்கள் சத்தத்தில் முடிச்சு தப்புகிறது என்றுதான் வந்தார்.

"டிக்கிக்குப் பாடு வெச்சுடலாம்" என்றார்.

"பாட்டுதான் நைனா பிரச்சினையே" என்றார் என் வீட்டுக்காரர்.

"அட, பாட்டு இல்லடா. பாடு."

எங்கள் ஏரியில் நினைத்தவர் நினைத்த இடத்தில் வலை போட முடியாது. இறால் ஓடுகிற இடம் கொஞ்சம், வலைகள் அதிகம். அதனால் சீட்டுக் குலுக்கி, இந்த இடம் இன்று இந்த வீட்டுக்கு, நாளை அந்த வீட்டுக்கு என்று முறை வைத்திருக்கிறார்கள். அந்த முறைக்குப் பெயர்தான் பாடு. ஒருவனுடைய பாட்டு நாளில் அவன் வலை போடுவதும் போடாததும் அவன் இஷ்டம். அவன் வராவிட்டாலும் அந்தத் தண்ணீர் அன்று அவனுடையது, வேறு யாரும் இறங்கக் கூடாது. விட்டுக்கொடுப்பதாக இருந்தால் நாலு பேர் முன்னால் வாயால் சொல்லிக் கொடுக்க வேண்டும். இதில் பெண்களுக்கு இடமே கிடையாது. பாடு ஆம்பிளைகளின் பெயரில்தான். என் அப்பாவுக்குப் பாடு இருந்தது, அண்ணன்களுக்கு வந்தது, எனக்கு அவர்கள் பிடித்த மீனை விற்கிற வேலை வந்தது.

மாமனார் ஒரு பீடிக்கட்டின் காகிதத்தைக் கிழித்து, ஒன்றில் கூடையும் ஒன்றில் வட்டமும் வரைந்து, சுருட்டிக் குலுக்கினார். முதல் பாடு எனக்கு விழுந்தது. ஒரு நாள் கூடை, ஒரு நாள் ஊஃபர். பெட்டியைத் தூக்கி இறக்க ஆசாரி இரண்டு பக்கமும் கயிற்றுக் கைப்பிடி வைத்துக் கொடுத்தார்.

"பொம்பளைக்குப் பாடா?" என்று ஆசாரி மட்டும் கேட்டார்.

"டிக்கிக்குத்தானே. வெளாட்டுக்கு" என்றார் மாமனார்.

அந்த விளையாட்டுக்கு என்ற வார்த்தை எனக்குச் சுருக்கென்றது. ஆனால் விடிந்தால் என் முறை. கூடைகளைக் கழுவப் போனேன்.

ஏற்பாடு நன்றாகத்தான் நடந்தது, நண்டு வரும் வரை. என் பாட்டு நாளில் கட்டு அவிழ்ந்த நண்டு ஒன்று டிக்கிப் பாய்க்கு அடியில் ஒளிந்துகொண்டது. மறுநாள் பெட்டி ஏறியதும், இருட்டான நல்ல வளை ஒன்று கிடைத்ததே என்று முகத்துவாரம் வழியாக உள்ளே குடிபோய்விட்டது. என் வீட்டுக்காரர் சுண்ணாம்புக்குளத்துக்குக் கல்யாண சவாரி ஏற்றிக்கொண்டு போனார். ஒவ்வொரு டும்முக்கும் பின்னால் ஒரு கரகர. ஊஃபர் கிழிந்துவிட்டது என்று பதறி, வண்டியை ஓரம் கட்டி, பெண் வீட்டார் பார்த்துக்கொண்டிருக்க, முகத்துவாரத்தில் மூன்று விரல்களை விட்டார். நண்டு அதில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொண்டது.

துணி சுற்றிய விரலை நீட்டிக்கொண்டு அவர் மாமனாரிடம் வழக்கு வைத்தார். "வேணும்னே விட்டிருக்குறா நைனா."

"நண்டு என் பேச்சக் கேக்குமா?" என்றேன்.

"பாடு முடிஞ்சவன் தன் வலையையும் கழியையும் சுத்தமா எடுத்துட்டுப் போவணும். அதுதான் முறை. தப்பு உன்னுதுதான்மா" என்றார் மாமனார். என் பாடு முடிந்ததும் டிக்கியை நான் கழுவித் துடைத்துக் கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பானது. தீர்ப்பு முடிந்த பிறகு, "அந்த நண்டு இன்னா ஆச்சு?" என்று கேட்டார். பெண் வீட்டார் எடுத்துக்கொண்டார்கள் என்றதும் அவருக்கு மகன் மேல் வந்த கோபம் என் மேல் வந்ததைவிட அதிகம்.

இப்படியே ஐந்தாறு மாதம். மாதம் ஆக ஆக டிக்கி மூடி மேல் உட்காருவதை நிறுத்தினேன், கூடை ஐந்திலிருந்து மூன்றானது. பிறகு ஒரு நாள் மார்க்கெட்டிலேயே வலி எடுத்தது. பொன்னேரி ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. ஐந்து நாள் அங்கேயே இருந்தேன். முதல் நாள் ஓடி வந்து பார்த்த என் வீட்டுக்காரர், பிறகு என் அம்மாவிடம் சாப்பாடு கொடுத்து அனுப்பிவிட்டுச் சவாரிக்குப் போய்விட்டார். சரிதான், டிக்கி காலி, கூடைக்காரி படுக்கையில், ஐயா தினமும் பாட்டுப் போட்டுக்கொண்டு ஊர் சுற்றுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். தையல் வலியோடு அந்த நினைப்பும் சேர்ந்து வலித்தது. ஐந்து நாளும் மனதுக்குள் திட்டிக்கொண்டே இருந்தேன்.

ஐந்தாம் நாள் காலை பதினோரு மணிக்கு எங்களை வீட்டுக்கு அழைத்துப் போக வந்தார். வாசலில் கார் சத்தமில்லாமல் வந்து நின்றது. என் அம்மா குழந்தையோடு பின் சீட்டில் ஏறினாள். துணி மூட்டையை வைக்க அவர் டிக்கியைத் திறந்தார். உள்ளே பெட்டி இல்லை. பாய் கழுவிக் காய்ந்திருந்தது. என் கூடைகள் இரண்டு வருஷமாக அழுத்தி அழுத்திப் போட்ட நாலு வட்டங்களும் அதில் அப்படியே தெரிந்தன.

"பொட்டி எங்கயா?"

"வூட்லகீது."

"ஏன்?"

"இன்னிக்கு உன் பாடுமே."

விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். ஆமாம், என் நாள்.

"கூடையே இல்லியே. போட்டுக்கினு வர வேண்டியதுதானே?"

"கூடை இல்லன்னா பாடு இல்லன்னு ஆயிடுமா? முந்தா நேத்தும் உன்னுதுதான். சும்மாதான் ஓட்டிக்கினு போனேன்."

முந்தாநாள் ஆரம்பாக்கத்தில் ஒரு கல்யாண சவாரி இருந்தது எனக்குத் தெரியும். ஒரு மாதமாக அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார். "பாட்டு இல்லாமலா போன?" என்றேன்.

"போனேன். திட்டுனாங்க" என்றார். மூட்டையை உள்ளே வைத்து டிக்கியைச் சாத்தினார். "அதுக்குன்னு உன் பாட்டுல என் பாட்டு எதுக்குமே?"

"நாளையிலேந்து எல்லாம் உனக்கு விட்டுக் குடுத்தேன்யா. எடுத்துக்கோ" என்றேன்.

"வாயால சொன்னா ஆச்சா? நாலு பேரு வேணும். உங்க அம்மா ஒண்ணு, கொழந்தை ஒண்ணு. ரெண்டு கொறையுது."

முன் சீட்டில் உட்கார்ந்து நான் அழுதேன். தையல் வலிக்கிறது என்று நினைத்து அவர் வண்டியை இன்னும் மெதுவாக ஓட்டினார். பழவேற்காடு வந்து சேர வழக்கத்தைவிட இரண்டு மடங்கு நேரம் ஆனது. வழி முழுக்க டிக்கியில் என் துணி மூட்டை மட்டும் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உருண்டுகொண்டே வந்தது.